கோமதிநாயகம் பிள்ளை வீட்டுச் சைவப் பூனை

எங்கள் தெருவில் கோமதிநாயகம் பிள்ளையிடம் யார் போய் நின்றாலும் முதலில் காதில் விழுகிற செய்தி ஒன்றுதான். "நம்ம வீட்டுப் பூனைகூடச் சைவம், தெரியுமா?" பால்காரரிடம் சொல்வார், தபால்காரரிடம் சொல்வார், கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவரிடமும் சொல்வார். என்னிடம் சொல்லும்போது மட்டும் மூக்கை ஒரு சுருக்குச் சுருக்கிக்கொள்வார். நான் அடுத்த வீடு. என் வீட்டில் தினமும் மீன் பொரியும். என் வீட்டுக்காரர் தோணியில் தண்டல், தோணியை நடத்திப் போகிறவர். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே கடலே கதி என்று கிடக்கிற மனுஷன் வீட்டில் பின்னே கத்தரிக்காயா பொரியும்?

நான் அமலோற்பவம். பள்ளிக்கூட டீச்சர். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது பிள்ளையின் மருமகள் அருணாசலவடிவைப் பற்றி. அந்தச் சைவப் பூனை அவளுடையது.

வடிவு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல்காட்டு ஊர்க்காரி. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிய அன்று பூனை தானாக வந்து காரில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். இறக்கிவிட்டால் மறுபடி ஏறியதாம். சரி, வந்து தொலையட்டும் என்று கூட்டி வந்துவிட்டார்கள். வெள்ளைப் பூனை. பேர் பிச்சி. "எங்க ஊர்ல அதுக்குப் பால்சோறுதான் டீச்சரக்கா. வேற ஒண்ணும் தொடாது" என்று வடிவே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்குக் கேட்க வேண்டுமா? மருமகள் கொண்டுவந்த நகையைவிட அந்தச் சேதி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

வடிவின் புருஷன் ஆறுமுகநயினாருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவான். நல்ல பையன். நல்ல பையன் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது. "அப்பா சொல்லுதாங்க" என்பதுதான் அவன் வாயில் அதிகம் வருகிற வார்த்தை.

அது ரயில் பெட்டி போல நீளமான வீடு. முன்னறையில் பிள்ளையின் சாய்வு நாற்காலி. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் தவிர அதை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் சங்கிலியில் பைரவன், அவருடைய நாய். அதற்குப் பின்னால் இரண்டு அறை, வானம் தெரிகிற முற்றம், அதன் மேலே இரும்புக் கம்பி அழி, அப்புறம் சமையல்கட்டு, அதே கூரைக்கடியில் துவைகல், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். வெளியே போக வேண்டுமென்றால் நாயையும் நாற்காலியையும் தாண்டித்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சிவன் கோயிலுக்குப் பிள்ளை முன்னால் நடக்க இவள் பின்னால் போவாள். அவ்வளவுதான். அடி உதை கிடையாது, பட்டினி கிடையாது. கல்யாணமாகி ஒரு வருஷம் போன பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டாள், "டீச்சரக்கா, இந்த ஊர்ல கடல் இருக்காமே, எந்தப் பக்கம்?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே பிள்ளையிடம் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வேண்டாம் என்று அழுதாள்.

பேச்சுவார்த்தை எல்லாம் சுவரில் இருந்த ஓட்டை வழியாகத்தான். கடற்பாறைக் கல்லைச் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய பழைய சுவர். துவைகல்லுக்கு மேலே ஒரு சின்னக் கல் பெயர்ந்து விழுந்திருந்தது. கை நுழையும். நான் இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

அவள் பிள்ளை உண்டாகியிருந்தபோது பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போய்விட்டது. விளக்கேற்றப் போனவள் தூணில் முட்டிக்கொண்டாள். மாலைக்கண். வீடு தேடி வந்த நர்ஸ் முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி என்று கீரையாகச் சாப்பிடச் சொன்னாள். என் வீட்டு முருங்கையை ஓட்டை வழியாகவே பாதி மொட்டையாக்கினோம். கண் சரியாகிவிட்டது. குழந்தைதான் தங்கவில்லை. பிறந்த அன்றே போய்விட்டது. துக்கத்துக்கு வந்த அவள் அண்ணன் ஏதோ வார்த்தையை விட, பிள்ளை பதிலுக்கு விட, அதோடு பிறந்த வீட்டுப் போக்குவரத்தும் நின்றது. அதன் பிறகு அவளுக்கு என்று அந்த வீட்டில் மிஞ்சியது பிச்சி மட்டும்தான். ராத்திரி அவள் தலைமாட்டில் படுக்கும். அவள் அழுதால் எழுந்து வந்து முகத்தை முகர்ந்து பார்க்குமாம்.

சைவப் பூனையின் லட்சணம் எனக்கு மட்டும் தெரியும். தினமும் கம்பி அழி வழியாக ஏறி வந்து என் வீட்டுக் கொல்லையில் சாளைமீன் தலையைத் தின்றுவிட்டு, வாயை நக்கித் துடைத்துக்கொண்டு போகும். நான் மூச்சு விடவில்லை. பூனையின் மானத்தை நான் ஏன் வாங்க வேண்டும்? ஆனால் பிச்சிக்கு வடிவின்மேல் பிரியம் பொங்கிவிட்டது. ஒரு நாள் ஒரு தலையைக் கவ்விக்கொண்டு போய் அவளுக்குக் காணிக்கையாக வைத்திருக்கிறது. வைத்த இடம் பூஜை அறை வாசல்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த கழுவலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். சாயங்காலமே ஆள் வந்து கம்பி அழிக்கு மேல் கோழிவலையை இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். பிச்சி வெளியே போகிற வழி அடைந்தது. பிள்ளை முன்வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பு பூனை பேருல இல்ல டீச்சரம்மா. சகவாசம். இனிமே பாருங்க. பைரவன் திங்கதுதான் பிச்சிக்கும். காலையில பழையது, மத்தியானம் சாம்பார்ச்சோறு, ராத்திரி தயிர்ச்சோறு. நாய் உடம்பு எப்படி மினுங்குதுன்னு பாருங்க! நாய்க்கு முடியுத சைவம் பூனைக்கு முடியாதா?"

நாய் மினுங்கியது உண்மை. அதுதான் வம்பாகப் போயிற்று. அதை வைத்துக்கொண்டு அவர் யாரையும் வாய் திறக்க விடவில்லை.

கோழிவலை கட்டி ஒரு மழைக்காலம் போய், வெயில் ஏறத் தொடங்கிய சமயம், வடிவின் குரல் ஓட்டையில் ஒரு மாதிரி ஒலித்தது.

"டீச்சரக்கா, பிச்சி சோத்துக் கிண்ணத்துக்குள்ள காலை வைக்கு. பொழுது சாஞ்சா படியில இருந்து விழுது. கண்ணைப் பாத்தா பயமா இருக்கு. மத்தியான வெயில்லயும் கருமணி சுருங்காம விரிஞ்சே கிடக்கு."

"வயசாயிருக்கும்ளா."

"என்ன வயசு? எனக்கு வந்ததுதான் அதுக்கும் வந்திருக்கு. மாலைக்கண்ணு. எனக்குக் கீரையில சரியாச்சுல்லா? கொஞ்சம் முருங்கை பறிச்சுத் தாங்க."

பறித்துக் கொடுத்தேன். கண்ணுக்குக் கீரை என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான், கொடுக்காமல் இருப்பேனா? வடிவு கீரையை வேகவைத்து, மசித்து, நெய் விட்டு, சோற்றோடு பிசைந்து விரலால் பூனையின் வாயில் வைத்தாள். பிச்சி துப்பியது. மறுபடி வைத்தாள். விழுங்கவைத்தாள். பூனை துப்பிய மிச்சத்தைப் பைரவன் வாலை ஆட்டிக்கொண்டு தின்று இன்னும் கொஞ்சம் மினுங்கியது. பிச்சியின் கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. முதலில் இருட்டில்தான் முட்டியது, பிறகு பட்டப்பகலிலேயே தூணில் முட்டத் தொடங்கியது.

பிள்ளை காரணம் கண்டுபிடித்துவிட்டார். "மீன் தலையைத் தின்ன பாவம், கண்ணுல இறங்கியிருக்கு" என்று சொல்லி அதன் நெற்றியில் திருநீறு பூசினார்.

"அக்கா, பிச்சிக்குக் கண்ணு போயிட்டுன்னா நான் இந்த வீட்டுல யாரைப் பாத்துப் பேசுவேன்?" என்றாள் வடிவு. அந்த வார்த்தை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அந்தச் சனிக்கிழமையே மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே டாக்டர் எஸ்றா என்று ஒருவர், நாசரேத்துக்காரர். எருமைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே வெறுங்கையோடு வந்து நின்ற என்னைப் பார்த்து, "நோயாளி எங்கம்மா?" என்றார்.

"வீட்டுக்காவல்ல இருக்கு சார்" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், கீரை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஊர்ல எப்படி இருந்துச்சாம் அந்தப் பூனை?"

"நல்லா இருந்துச்சாம். அங்கனயும் பால்சோறு மட்டுந்தானாம்."

"வயக்காட்டு ஊரு. வீட்டுல நெல்லு கிடந்திருக்கும்லா?"

"பின்ன? பத்தாயம் நிறையக் கிடந்திருக்கும்."

"நெல்லு கிடந்தா எலி கிடக்கும்லா, டீச்சர்?"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். சேசுவே! ஊரே அந்தப் பூனையைச் சைவம் என்று நம்பிப் பால்சோறு போட்டிருக்கிறது. அது மரியாதைக்கு அதையும் நக்கிவிட்டுப் பத்தாயத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பாட்டை முடித்திருக்கிறது.

"நாய் வேற, பூனை வேறம்மா" என்றார் டாக்டர். "நாய் மனுஷன் எச்சில்ல வளர்ந்த ஜாதி. சோறு, பருப்பு, தயிருன்னு கலந்து போட்டா சமாளிச்சுக்கிடும். கீரையைத் தின்னா அதுல இருந்து கண்ணுக்கு வேண்டிய சத்தைத் தன் உடம்புலயே செஞ்சுக்கிடும், நம்மள மாதிரி. பூனைக்கு அது முடியாது. அதுக்குச் செஞ்சு முடிச்ச சத்துதான் வேணும். அது எலியில இருக்கு, மீன்ல இருக்கு, ஈரல்ல இருக்கு. தயிர்லயும் நெய்யிலயும் இருக்குதது பத்தாது. நீங்க மூட்டை மூட்டையாக் கீரை போட்டாலும் அது கண்ணுக்குப் போய்ச் சேராது. அது மட்டுமில்ல, இறைச்சியிலயும் மீன்லயும் மட்டும் இருக்குத இன்னொரு சத்து இருக்கு. அது இல்லன்னா பூனைக்குக் கண்ணுக்கு உள்ள இருக்கிற படலமே பட்டுப்போகுதுன்னு இப்பத்தான் வெளிநாட்டுல கண்டுபிடிச்சு எழுதியிருக்கான்."

"சரியாகுமா சார்?"

"மாலைக்கண் அளவு திரும்பலாம். பட்டுப்போனது பட்டுப்போனதுதான். ஆனா இனியும் சாம்பார்ச்சோறே போட்டாங்கன்னா இருக்குத பார்வையும் முழுசாப் போயிரும். மீனை வேகவெச்சுப் போடுங்க. அதே மட்டும் போடாதீங்க, ஆட்டு ஈரலும் கொஞ்சம். இப்போதைக்கு இந்த மீன் எண்ணெய் மாத்திரை."

பூனைக்கு மீன் என்றால் வெறும் நாக்கு ருசி என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

ஓட்டையில் வாயை வைத்து எல்லாவற்றையும் வடிவிடம் ஒப்பித்தேன். எலி என்றதும் சிரித்தாள். பிறகு அழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அது வெளிய போய்த் தனக்கு வேண்டியதைத் தின்னுட்டு வந்ததாலதான் எங்க வீட்டுல இருந்திருக்கு. பால்சோறுக்காக இருக்குன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம். என்ன பைத்தியக்காரத்தனம் டீச்சரக்கா!"

மாத்திரையை ஒரு துணியில் முடிந்து கொடுத்தேன். அவள் அதை உடைத்துப் பூனையின் வாயில் விட்டிருக்கிறாள். சொட்டு விழுந்த உள்ளங்கையைப் பிச்சி தோல் உரியும் அளவுக்கு நக்கியதாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனால் மீன் எண்ணெய் சும்மா இருக்குமா? பிள்ளையின் மூக்கு என்ன சாதாரண மூக்கா? சில நாளிலேயே மோப்பம் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்டார். பைரவன் சங்கிலியில் கிடக்க, அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி குரைத்தார்.

"என் வீட்டுக்குள்ள மீன் எண்ணெயா? ஏளா வடிவு, இன்னொரு தடவை இந்த வாடை வந்துச்சு, அந்தக் குருட்டுப் பூனையைச் சாக்குல கட்டி உப்பளத்துல கொண்டு விட்டுருவேன், ஆமா!"

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். "அண்ணாச்சி, டாக்டர்தான் சொல்லுதாரு. நாய் வயிறு வேற, பூனை வயிறு வேறயாம்."

"எந்த டாக்டர்? நாசரேத்துக்காரரா? அவரு மீன் திங்குத ஆளு, அப்படித்தான் சொல்லுவாரு."

"அண்ணாச்சி, அதுக்குக் கண்ணு போகுது."

"ரெண்டுக்கும் நாலு காலு, ஒரு வாலுதான டீச்சரம்மா? இதுக்கு முடியுதது அதுக்கு ஏன் முடியாது?" என்று நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. இன்னும் பேசினால் அந்தக் கோபமும் உள்ளே இருக்கிறவள் தலையில்தான் விடியும்.

உப்பளத்தில் பாதிக்கண் பூனை எத்தனை நாள் தாங்கும்? வீட்டிலேயே இருந்தால் முழுக்கண்ணும் போகும். வடிவு ரெண்டு நாள் ஓட்டைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஏற்கெனவே எல்லாம் முடிவு செய்துவிட்ட குரலில் கேட்டாள்.

"இந்த ஓட்டையில இன்னும் ஒரு கல்லு எடுத்தா பூனை நுழையும்லா?"

"ஏளா, இங்கன அனுப்பிட்டேன்னா திரும்ப அங்கன கொண்டுவர முடியாது, பாத்துக்கோ."

"தெரியும். அது திங்கட்டும்."

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். மத்தியானம் பிள்ளை சாப்பிட்டுக் கண் அயர்ந்த நேரம். இந்தப் பக்கம் நான் கடப்பாரையால் நெம்ப, அந்தப் பக்கம் அவள் தோசைச் சட்டுவத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். பழைய கல் லேசில் அசைகிறதா? டங் டங் என்று சத்தம். அந்த நேரம் பார்த்து ஆறுமுகநயினார் வேலை முடிந்து வந்து பின்கட்டில் நின்றான். வடிவு சட்டுவத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அவன் அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், பூனையைப் பார்த்தான். உள்ளே போனான். தொலைந்தது என்று நினைத்தேன். உள்ளே போய் ரேடியோவைத் திருப்பினான். கொழும்பு ஸ்டேஷன் வீடே அதிரும்படி அலறியது.

"ஏலே நயினா, குறைச்சு வையிலே!" என்று பிள்ளை தூக்கக் கலக்கத்தில் கத்தினார்.

"செய்தி கேக்கேம்ப்பா" என்றான் அவன். குறைக்கவில்லை. அவன் தகப்பன் பேச்சைத் தட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கல் வந்துவிட்டது. வடிவு பூனையைத் தூக்கி ஓட்டையில் வைத்தாள். அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பின்னங்கால் நகத்தை அவள் ரவிக்கையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவள் ஒவ்வொரு நகமாக எடுத்துவிட்டாள். "போளா. போய்த் தின்னு. இங்கன உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள். நான் இந்தப் பக்கம் கையேந்தி நின்று அழுதேன். அப்புறம் கல்லைச் சும்மா செருகி வைத்தோம். எப்போது வேண்டுமானாலும் உருவலாம்.

சாயங்காலம் பிள்ளை கேட்டிருக்கிறார், "பூனை எங்கேளா?"

"போயிட்டு மாமா."

அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்து அவர் செத்துப்போயிற்று என்று எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து தெருவில் புதுப் பிரசங்கம். "நம்ம பிச்சி சிவலோகம் போயிட்டு. கடைசி மூச்சு வரைக்கும் சைவம். மனுஷனுக்குக் கிடைக்குமா அந்தக் கொடுப்பினை?" அதன் பேரில் சர்க்கரைப்பொங்கல் வைத்து அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சிவலோகம் போன பிச்சி என் மடியில் சாளைமீன் வாடையோடு கொர் கொர் என்று தூங்க, நான் பொங்கலைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் சொன்னபடி வேகவைத்த மீன், இடையிடையே ஈரல், மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாக ரோமம் அடர்ந்தது. முட்டிக்கொள்வது குறைந்தது. ஒரு நாள் முருங்கையில் உட்கார்ந்த காக்கையைத் தலை தூக்கிப் பார்த்தது. நேரே எதிரில் இருப்பது இன்னும் அதற்குச் சரியாகத் தெரியாது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். ஆனாலும் பார்க்கிறது! வடிவு தினமும் கல்லை உருவி விரலை நீட்டுவாள். பிச்சி வந்து முகர்ந்துவிட்டு மீன் சட்டிக்குத் திரும்பிவிடும். "நல்லாத் திங்குதா? அது போதும்" என்பாள். போதவில்லை என்பது குரலிலேயே தெரியும்.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் நான் அடுப்பில் இருந்து இறக்கிய சாளை ஒன்றைக் கவ்விக்கொண்டு பிச்சி சுவரேறிவிட்டது. "ஏ மூதேவி, இறங்கு!" என்று மாடிப்படியில் ஓடினேன். அது நேரே பிள்ளை வீட்டுக் கோழிவலை மேல் போய் நின்றது. கீழே முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். பிள்ளையும், மீட்டர் பார்க்க வந்தவரும், ஆறுமுகநயினாரும், துணி மடித்துக்கொண்டிருந்த வடிவும். பிச்சி மீனை வலைமேல் வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கீழே தேடியது. வடிவைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு குரல் கொடுத்தது.

சாக்கு, உப்பளம் என்று மனம் ஓடியது. பிள்ளை அண்ணாந்து பார்த்தார். அவருக்குத் தெரியாதா அந்தப் பூனையை?

"அண்ணாச்சி, இது உங்க பூனை மாதிரில்லா இருக்கு?" என்றார் மீட்டர்காரர்.

பிள்ளை மீனைப் பார்த்தார், மீட்டர்காரரைப் பார்த்தார். சிவலோகத்துக்கு அனுப்பிப் பொங்கலும் கொடுத்தாயிற்று. இனி எந்த வாயால் திரும்பக் கூப்பிடுவார்?

"நம்ம பூனையா? அது போய்ச் சேர்ந்துட்டே. இது எந்த வீட்டுதோ. வடிவு, விரட்டு."

"சரி மாமா" என்று வடிவு வலைக்கு நேர் கீழே போய் நின்றாள். கையை உயரத் தூக்கி, "சூ" என்றாள், தாலாட்டுகிற மாதிரி. "சூ... சூ..." பிச்சி நகரவில்லை. வலைக் கண்ணுக்குள் ஒரு காலை விட்டு அவள் விரலைத் தொடப் பார்த்தது. எட்டவில்லை.

அன்று விளக்கு வைத்த பிறகு கல் உருவுகிற சத்தம் கேட்டு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"டீச்சரக்கா, அதுக்கு என்னத் தெரியுது!"

"தெரியாம? உன்னத் தேடித்தான் வந்துச்சு."

அவள் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு கல்லு எடுத்தோம், அது வந்துட்டு. எத்தனை கல்லு எடுத்தா நான் வருவேன்?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. எடுப்போம்ளா, முழுச் சுவரையும் எடுத்துருவோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வடிவு, காப்பி!" என்று முன்னறையிலிருந்து பிள்ளையின் குரல் வந்தது.

"வாரேன் மாமா" என்று அவள் கல்லை எடுத்துச் செருகினாள்.